தணிகாசலம் போட்ட வாய்தா

செய்தி வந்தபோது நான் வாணியம்பாடி நீதிமன்றத்தில் ஒரு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தேன். வயல் வரப்பு பற்றிய வழக்கு. சாட்சி தாம் நேரில் காணாத ஒன்றைக் கண்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னும் சில கேள்விகளில் அவரே அதை ஒப்புக்கொள்ளும் நிலைக்கு வந்திருந்தோம். அப்போது என் குமாஸ்தா முனிரத்தினம் வாசலருகே வந்து நின்றார். சொல்ல ஏதேனும் இருந்தால் உள்ளே வந்து என் காதருகே குனிந்து சொல்லிவிட்டுப் போவது அவர் வழக்கம். அன்று வாசலைத் தாண்டவில்லை. நான் நீதிபதியிடம் அனுமதி கேட்டு வெளியே வந்தேன்.

"சார், தணிகாசலம் சார் போய்ட்டாராம்."

"யார் சொன்னது?"

"ஜமுனாமரத்தூர் பஸ் கண்டக்டரு சார்."

"அவருக்கு யார் சொன்னது?"

"மேலேர்ந்து எறங்குனவங்க பேசிக்கினாங்களாம் சார்."

முனிரத்தினம் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவர் பார்த்ததில் தவறில்லை. நண்பரின் மரணச் செய்தியை இப்படி விசாரிப்பவனை நானும் அப்படித்தான் பார்த்திருப்பேன். ஆனால் அந்த இரண்டு கேள்விகளும் என்னுடையவை அல்ல. தணிகாசலத்துடையவை. இந்த நினைவுக் குறிப்பைப் படிக்கும், அவரை அறிந்த உங்கள் ஒவ்வொருவரிடமும் ஒருமுறையாவது அவர் அவற்றைக் கேட்டிருப்பார். அணைத்துவைத்திருந்த கைப்பேசியை உயிர்ப்பித்தேன். அது உடனே ஒலித்தது. அவருடைய மனைவி சரஸ்வதி.

"அண்ணா, நான்தான் சொல்றேன். நான் பக்கத்துலதான் இருந்தேன்."

அதற்குமேல் கேட்க எனக்குக் கேள்வி இல்லை. உள்ளே சென்று, காரணம் எதுவும் கூறாமல், வாய்தா கேட்டேன். அடுத்தவர் வாய்தா கேட்டால் எழுந்து ஆட்சேபிப்பவன் என்று பெயரெடுத்தவன் நான். நீதிபதி என் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு வேறு தேதி கொடுத்தார்.

பத்தாம் வகுப்பின் கடைசித் தேர்வு முடிந்த மறுநாள் அது. முந்தைய நாள் தணிகாசலம் தேர்வறைப் பணியை முடித்துக்கொண்டு, ஜமுனாமரத்தூரில் குடியிருந்த வீட்டுக்குத் திரும்பி, கோடையில் செய்ய வேண்டியவற்றைப் பற்றி நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தாராம். இது சரஸ்வதி எனக்குச் சொன்னது. நான் நேரில் அறியாதவற்றை இவ்வாறே குறிப்பிட்டுச் செல்கிறேன். அவரைப் பற்றி எழுதும்போது வேறு விதமாக எழுதினால் அவருக்கு முன்னால் நிற்க முடியாது.

நாங்கள் இருவரும் ஒரே கல்லூரியில் இளங்கலை வரலாறு படித்தவர்கள். இருவரும் ஆலங்காயம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். ஒரே பேருந்தின் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போனவர்கள். பட்டம் பெற்றபின் நான் சட்டக் கல்லூரிக்குப் போனேன். அவர் ஆசிரியப் பயிற்சிக்குப் போனார். நான் வரலாற்றை விட்டுவிட்டதாக அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. "டேய், நீயும் நானும் பாக்குறது ஒரே வேலதான்டா. நடந்து முடிஞ்சத யாரு பாத்தான்னு தேடுறோம். ஒனக்கு பீஸ் குடுக்குறாங்க, எனக்கு பீரியட் குடுக்குறாங்க" என்பார்.

பணியின் பெரும்பகுதியைக் மலைக்குக் கீழே சமவெளிப் பள்ளிகளில் சமூக அறிவியல் ஆசிரியராகக் கழித்த அவர், முதுகலை ஆசிரியராகப் பதவி உயர்வு பெற்றபோது ஜவ்வாது மலைமேல் இருந்த ஒரு மேல்நிலைப் பள்ளியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அங்கு அப்போதுதான் பதினொன்றாம் வகுப்பில் வரலாற்றுப் பிரிவு தொடங்க அனுமதி கிடைத்திருந்தது. அனுமதி கிடைப்பது ஒன்று, பிரிவு நிலைப்பது மற்றொன்று. போதிய பிள்ளைகள் சேராவிட்டால் அடுத்த ஆண்டே மூடிவிடுவார்கள். மூடினால் மலைப்பிள்ளைகள் மேலே படிக்கக் கீழே இறங்கி விடுதியில் தங்க வேண்டும். அல்லது பத்தாம் வகுப்போடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பெரும்பாலானோர் இரண்டாவதைத்தான் செய்தார்கள். அந்தப் பிரிவு மூடப்படக் கூடாது என்பதுதான் பணியின் கடைசி ஆண்டுகளில் தணிகாசலத்துக்கு இருந்த ஒரே கவலை. வேறு கவலைகள் இருந்திருக்க வேண்டியவர். இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

மேல்நிலை வரலாற்றுப் புத்தகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பத்தாம் வகுப்புவரை மெலிந்த பாடங்களாக வந்த வரலாறு, அங்கே திடீரென்று கனத்த நூலாகிவிடுகிறது. அதைக் கையில் வாங்கிய முதல் வாரத்திலேயே வேறு பிரிவுக்கு மாறிவிடும் பிள்ளைகள் உண்டு. ஆகவே, பத்தாம் வகுப்புத் தேர்வுக்கும் பதினொன்றாம் வகுப்புத் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட கோடையில்தான் எல்லாம் தீர்மானமாகிறது என்பது அவருடைய முடிவு.

அந்தக் கோடைக்கு அவர் முதலில் தம்மைத் தயார்செய்துகொள்வார். சித்திரை பிறந்ததும் மேல்நிலைப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து, அப்போதுதான் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையைப் போல, வாய்விட்டுப் படிப்பார். புரியாத இடத்தில் உரக்கச் சண்டையிடுவார். "எல்லார் வூட்லயும் புள்ளைங்க பரிச்சைக்குப் படிக்கும். எங்க வூட்ல மட்டும் அப்பன் படிப்பாரு. நடுவுல கூப்ட்டா கோவம் வேற" என்று சரஸ்வதி என்னிடம் முறையிட்டிருக்கிறார். முறையிட்டபடியே அவருக்கு மோர் கலக்கிக்கொண்டுபோய்க் கொடுத்ததையும் நான் பார்த்திருக்கிறேன்.

பிள்ளைகளை மட்டும் கோடையில் புத்தகத்தைத் தொட விடமாட்டார். "மொதல்ல சண்ட போடக் கத்துக்குங்க. புத்தகம் எங்கயும் ஓடிப்போவாது" என்பார். சண்டை என்றால் அவர் அகராதியில், ஒருவர் சொன்னதை நம்பும் முன் இரண்டு கேள்வி கேட்பது. யாரு சொன்னது? அவருக்கு யாரு சொன்னது?

முதல் கோடையில் அவர் எடுத்துக்கொண்டது நெல்லிப்பட்டுக்கும் புங்கங்கொல்லைக்கும் நடுவே உள்ள மேட்டில் நிற்கும் நடுகல். மலைமேல் இரண்டும் அடுத்தடுத்த ஊர்கள். கல்லில் வில்லேந்திய வீரன் ஒருவன். அவன் காலருகே ஒரு விலங்கு. மழையிலும் வெயிலிலும் தேய்ந்து அது இன்ன விலங்கென்று தெரியாது. புலி என்பது நெல்லிப்பட்டார் கட்சி. தங்கள் முன்னோன் புலியைக் கொன்று மாண்டான் என்பார்கள். கன்றுக்குட்டி என்பது புங்கங்கொல்லையார் கட்சி. தங்கள் முன்னோன் மாடு கவர வந்தவர்களோடு போரிட்டு மாண்டான் என்பார்கள். யார் முன்னோனோ அந்த ஊர்தான் கல்லுக்கு முதல் பொங்கல் வைக்கலாம். இதில் எப்போதோ கைகலப்பு நேர்ந்து, அதன்பின் இரண்டு ஊரும் வெவ்வேறு நாளில், ஒருவர் முகத்தில் மற்றவர் விழிக்காமல், பொங்கல் வைத்து வந்தன. பெண் கொடுத்துப் பெண் எடுப்பது மட்டும் நிற்கவில்லை.

இந்தத் தகராறைப் பிள்ளைகள் வழக்காக நடத்த வேண்டும், இரு ஊர்ச் சாட்சிகளையும் விசாரிக்க வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு. என்னைக் கைப்பேசியில் அழைத்தார்.

"மே மாசம் ஒன் கோர்ட்டுக்கும் லீவு, என் இஸ்கோலுக்கும் லீவு. வேற இன்னா வேல ஒனக்கு? மேல வா. பசங்களுக்குக் குறுக்கு விசாரண சொல்லிக் குடு. வர்றப்ப கறுப்புக் கோட்டு எடுத்துனு வா."

கோட்டு கொண்டுவர நான் மறுத்தேன். வழக்கறிஞர் உடையை நீதிமன்றத்துக்கு வெளியே இப்படிப்பட்ட காரியங்களுக்கு அணிவது முறையன்று என்று விளக்கினேன். மேலும், விடுமுறையில் பள்ளியில் வகுப்பு நடத்த அனுமதி இல்லாததால், பள்ளி வளாகத்துக்கு வெளியே கூட வேண்டும், அதை வகுப்பு என்று எங்கும் குறிப்பிடக் கூடாது என்றும் சொன்னேன். "சரி, பலா மரத்தடியில ஒக்காந்து பலாப்பழம் தின்னப் போறோம்னு வச்சுக்க. அதுக்கு ஒன் சட்டத்துல எடம் இருக்கா?" என்றார். இருக்கிறது என்றேன்.

நான் கோட்டு கொண்டுபோகவில்லை. அதன் விளைவு வேறு விதமாக வந்து சேர்ந்தது. நீதிபதிக்குக் கறுப்பு உடை இல்லாமல் வழக்கு சோபிக்காது என்று தணிகாசலம் தம்முடைய மழைக்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். முழங்காலுக்குக் கீழ்வரை தொங்கும் கறுப்பு மழைக்கோட்டு. அக்கினி வெயிலில், ஒரு துண்டு மேகம் இல்லாத வானத்தின் கீழ், அதைப் போட்டுக்கொண்டு வியர்த்து ஊற்ற உட்கார்ந்திருந்தார். முதல் நாள் பயிற்சி நடந்தது. அவ்வழியே போனவர்கள் நின்று பார்த்தார்கள். மாலைப் பேருந்தில் செய்தி ஊர் ஊராக இறங்கியிருக்கிறது: வாணியம்பாடியிலிருந்து வக்கீல் வந்திருக்கிறார், கறுப்பு அங்கி போட்ட நீதிபதி உட்கார்ந்திருக்கிறார், நடுகல் வழக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுவிட்டது.

மறுநாள் காலை நாங்கள் போனபோது பலா மரத்தடியில் இடமில்லை. ஒரு பக்கம் நெல்லிப்பட்டு, மறுபக்கம் புங்கங்கொல்லை. இரண்டு தரப்பிலும் வெற்றிலை பாக்குத் தட்டு. நெல்லிப்பட்டாருக்குத் தலைமை வெள்ளையன்; ஊர் வழக்குகளைப் பேசித் தீர்க்கும் நாட்டார். புங்கங்கொல்லைத் தரப்பில் முன்னால் உட்கார்ந்திருந்தவர் காசியம்மாள். வெள்ளையனின் உடன்பிறந்த தங்கை. நெல்லிப்பட்டில் பிறந்து புங்கங்கொல்லையில் வாழ்க்கைப்பட்டவர். அவருடைய மகள் ராஜகுமாரி அந்த ஆண்டு வரலாற்றுப் பிரிவில் சேரவிருந்தவர்களில் ஒருத்தி.

நான் பதறிப்போனேன். நீதிமன்றம் என்று பிறரை நம்பவைப்பது விளையாட்டல்ல. உடனே எழுந்து, இது நீதிமன்றம் அன்று என்றும், இங்கே கூறப்படும் எந்த முடிவும் எவரையும் கட்டுப்படுத்தாது என்றும் தெளிவாக அறிவித்தேன்.

வெள்ளையன் தம் ஆட்களிடம் திரும்பி, "வக்கீலு இன்னா சொல்றார்னா, தீர்ப்பு புடிக்கலன்னா பெரிய கோர்ட்டுக்கு அப்பீல் போலாமாம்" என்றார். எல்லாரும் தலையசைத்தார்கள்.

தணிகாசலம் மழைக்கோட்டின் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். இருமுகிறார் என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். என்னிடம் தாழ்ந்த குரலில், "வுடுடா. இவ்ளோ பேரு கேக்க வந்துட்டாங்க. இத்தினி நாளு பாடம் நடத்தி ஒரு ஜனத்தயும் இப்பிடி ஒக்கார வச்சதில்ல" என்றார். விசாரணை தொடங்கியது.

ராஜகுமாரி தன் தாய்மாமனை விசாரித்தாள்.

"மாமா, அது புலின்னு ஒங்களுக்கு யாரு சொன்னது?"

"எங்கப்பன்."

"அவருக்கு யாரு சொன்னது?"

"அவங்கப்பன்."

"அந்த வீரன நீங்க நேர்ல பாத்தீங்களா?"

"நேர்ல பாத்திருந்தா நானும் இன்னேரம் கல்லாத்தான்மா நின்னுனு இருப்பேன்."

மரத்தடியே சிரித்தது. காசியம்மாள் சிரிக்கவில்லை. "அண்ணே, நீ பொறந்த வூட்லதான் நானும் பொறந்தேன். அப்பா அத புலின்னு சொன்னத என் காதால கேக்கவே இல்ல" என்றார்.

"ஒன்ன கட்டிக் குடுத்துட்டா கல்லுல இருக்குற மிருகங்கூட மாறிடுமா?" என்றார் வெள்ளையன்.

அடுத்து நெல்லிப்பட்டுப் பிள்ளைகள் விசாரிக்க வேண்டிய முறை. ஆனால் ராஜகுமாரி உட்காரவில்லை; தன் தாயையே கேட்டாள்: "அம்மா, நீ நெல்லிப்பட்டுல இருந்தப்ப அது இன்னாவா இருந்துச்சு?"

காசியம்மாள் மகளை முறைத்தார். "அப்ப நான் எங்கடி பாத்தேன்? ஆடு பின்னால ஓடவே நேரம் பத்தல. கல்லயா பாத்துனு இருப்பேன்?" என்றார். தம் தரப்புச் சாட்சியையே ஒருவர் இவ்வளவு நேர்மையாகக் குறுக்கு விசாரணை செய்து நான் நீதிமன்றத்தில் பார்த்ததில்லை.

பொழுது உச்சிக்கு வந்தபோது சாட்சிகள் முடிந்துவிட்டார்கள். எல்லாரும் மழைக்கோட்டைப் பார்த்தார்கள். வெள்ளையன் எழுந்து நின்று மரியாதையாகத்தான் சொன்னார்: "சார், தீர்ப்பு சொல்லிடுங்க. எங்க பக்கம் வரலன்னா எங்க பசங்க இந்தக் குரூப்புல சேர மாட்டாங்க. அவங்களோட ஒக்காந்து படிக்கச் சொல்லி எங்களால சொல்ல முடியாது." காசியம்மாளும் எழுந்தார். "எங்க பொண்ணுங்களும் அப்பிடித்தான். நாங்க இன்னா கொறஞ்சவங்களா?"

சிரிப்பு அடங்கிவிட்டது. தீர்ப்பு எப்படிச் சொன்னாலும் பிரிவில் பாதி போய்விடும். பாதி போனால் மீதியும் நிற்காது. எந்தப் பிரிவைக் காப்பாற்றுவதற்காக அந்தக் கோடையை ஏற்பாடு செய்தாரோ, அந்தக் கோடையே அதை மூடிவிடும் போலிருந்தது. தணிகாசலத்தின் முகம் அப்படி வெளுத்து நான் அதற்கு முன் கண்டதில்லை. என்னிடம் குனிந்தார்.

"இன்னாடா பண்றது?"

"எனக்குத் தெரியலடா" என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை.

அவர் எழுந்தார். "இன்னும் ஒரு சாட்சி பாக்கி இருக்கு" என்றார். "கல்லு." மழைக்கோட்டோடு மேட்டை நோக்கி நடந்தார். இரண்டு ஊரும் பின்னால் நடந்தது. போகிற வழியில் யார் வீட்டிலோ ஒரு சொம்பு தண்ணீரும் ஒரு முறம் சாமை மாவும் கேட்டு வாங்கினார். மாவை எதற்கு என்று நான் கேட்டேன். கல்லில் பூசப் போவதாகச் சொன்னார். தொன்மையான சின்னத்தைச் சேதப்படுத்துவது குற்றம் என்று எச்சரித்தேன். "சாமை மாவுல கல்லு தேயாதுடா. நீ பல்லு தேய்ச்சுப் பாரு" என்றார். பிள்ளைகளை விட்டு, கல்லைக் கழுவி, காயவைத்து, உலர்ந்த மாவைக் கையால் மெல்லத் தடவச் சொன்னார். பள்ளங்களில் மாவு தங்கியது. வீரனின் வில், இடைக்கச்சை, கொண்டை எல்லாம் வெள்ளைக் கோடுகளாக எழுந்து வந்தன. கடைசியில் அந்த விலங்கும்.

"யாரும் பேசக் கூடாது. பசங்க மட்டும், கண்ணுல தெரியறத சொல்லுங்க. ஊரு சொன்னது வேணாம்."

ராஜகுமாரிதான் முதலில் சொன்னாள். தயங்கித் தயங்கி, தாயைப் பார்க்காமல் சொன்னாள். "சார், வாலு மேல வளஞ்சிருக்கு. புலி மாதிரி தெரியுது."

புங்கங்கொல்லைத் தரப்பில் ஒரு முணுமுணுப்பு. அது ஓயுமுன் நெல்லிப்பட்டுப் பையன் ஒருவன், "இல்ல சார், காலு பாருங்க. கொளம்பு இருக்குது. கன்னுக்குட்டிதான்" என்றான். வெள்ளையன் அவனைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்க முடியவில்லை. பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். புலி என்றவர்களும் கன்று என்றவர்களும் இரண்டு ஊரிலும் கலந்திருந்தார்கள். நாய் என்றும் ஒருத்தி சொன்னாள். பெரியவர்கள் குனிந்து குனிந்து பார்த்தார்கள். இதுவரை அந்தக் கல்லை அவ்வளவு அருகில் அவர்களில் யாரும் பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன். காசியம்மாள் அண்ணனின் தோளைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தபின், "வாலு புலிதான் அண்ணே. ஆனா காலு கன்னுதான்" என்றார். வெள்ளையனும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்.

தணிகாசலம் எல்லாரையும் பார்த்துச் சொன்னதை அப்படியே தருகிறேன். நான் நேரில் கேட்டது. "சாட்சி இன்னும் முழுசா வரல. கோர்ட்டுன்னா தீர்ப்பு சொல்லித்தான் ஆவணும். இது வரலாறு. இங்க தீர்ப்பு கெடையாது, வாய்தாதான். அடுத்த கோடைக்கு வாய்தா. அதுக்குள்ள இந்தப் பசங்க பதினொன்னாவது படிச்சு, இன்னும் கொஞ்சம் தெரிஞ்சுகினு வருவாங்க. அப்ப புதுசா சேர்றவங்களும் விசாரிப்பாங்க."

பிறகு சற்று யோசித்து இதையும் சேர்த்தார்: "வாய்தா அன்னிக்கு ரெண்டு கட்சியும் ஆஜராவணும். வெறும் வயித்தோட வரக் கூடாது. பொங்க வச்சுடுங்க. எந்த அடுப்ப மொதல்ல பத்த வைக்கறதுன்னு வழக்கு முடியற வரைக்கும் யாரும் பேசக் கூடாது. அந்த வருசம் சேர்ற பசங்க ரெண்டு அடுப்பயும் ஒண்ணாப் பத்த வைப்பாங்க."

திரும்பும் வழியில் நான் அவரிடம் என் அதிருப்தியைச் சொன்னேன். தகராறு என்று ஒன்று வந்தால் அதற்கு முடிவு வேண்டும், வாய்தாவில் வாழும் வழக்குகளால் குடும்பங்கள் அழிவதைத் தினமும் பார்க்கிறேன் என்றேன். மழைக்கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்த அவர், "ஒன் கோர்ட்ல வாய்தா போட்டா ரெண்டு பேரும் தனித்தனியா வூட்டுக்குப் போறாங்க. இங்க ரெண்டு பேரும் அடுத்த வருசம் ஒண்ணா வரணும். அதுதான்டா வித்தியாசம்" என்றார். என்னிடம் மறுமொழி இருந்தது; ஆனால் மூச்சு வாங்கியது.

அந்த ஆண்டு பிரிவு நிலைத்தது. ஒவ்வொரு கோடையிலும் வழக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது, ஒவ்வொரு கோடையிலும் வாய்தா போடப்பட்டது. மலைப்பிள்ளைகள் பலர் விடுமுறையில் பெற்றோருடன் குடகுக் காப்பித் தோட்டங்களுக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். அவர்களையும் அவர் விடவில்லை. அங்கே வேலை செய்யும் மலை முதியவர்களை நடுகல் பற்றி விசாரித்துக் குரல் பதிவாக அனுப்பச் சொல்வார். நெல்லிப்பட்டுப் பெண்ணொருத்தி அனுப்பிய பதிவை மரத்தடியில் எல்லாரும் கேட்கும்படி ஒலிக்கவிட்டார். மின்னணுப் பதிவைச் சாட்சியமாக ஏற்பதற்கு உரிய சான்றிதழ் வேண்டும் என்று நான் நினைவூட்டினேன். "டேய், அந்தப் பொண்ணு பேசறப்ப பின்னால மழ கொட்டறது கேக்குதா? இந்த வெயில்ல இங்கேர்ந்து அத யாரால உண்டாக்க முடியும்? அதுதான் சான்றிதழ்" என்றார். அந்தப் பெண் ஜூன் மாதம் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தாள். வரலாற்றுப் பிரிவில் சேர்ந்தாள்.

அவரிடம் குறைகளே இல்லை என்று எழுதினால் அது பொய்ச் சாட்சியம். நேரத்துக்கு எங்கும் வந்ததில்லை. என் மகள் திருமணத்துக்குத் தாலி கட்டி முடிந்தபின் வந்தார். வழியில் கிணறு தோண்டிக்கொண்டிருந்தவர்களிடம், மண்ணில் எத்தனை அடுக்கு என்று கேட்டுக்கொண்டு நின்றுவிட்டாராம். பலாப்பழத்தை அளவின்றித் தின்பார். எதைக் கேட்டாலும் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பார். இதயத்துக்கு மருத்துவரிடம் காட்டும்படி நான் சென்ற ஆண்டு சொன்னபோதும், "யாரு சொன்னது?" என்றுதான் கேட்டார். சரஸ்வதி சொன்னார் என்றேன். "அவளுக்கு யாரு சொன்னது?" அன்று நான் சிரித்துவிட்டேன்.

அவருடைய உடலை ஆலங்காயம் பக்கத்துச் சொந்த ஊருக்குக் கொண்டுவந்திருந்தார்கள். மறுநாள் பிற்பகலில் மலையிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து வெள்ளையன் இறங்கினார். பின்னாலேயே காசியம்மாளும் இறங்கினார். இரண்டு ஊரும் ஒரே வேனில் வந்திருந்தது. ராஜகுமாரி இப்போது கல்லூரியில் வரலாறு படிக்கிறாள். அவள் ஏற்கெனவே வந்து சரஸ்வதியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு ஊரும் தனித்தனியே மாலை கொண்டுவந்திருந்தன. உடலருகே வந்தபோது வெள்ளையன் நின்றுவிட்டார். காசியம்மாளும் நின்றுவிட்டார். முதல் மாலை யாருடையது? இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எவரும் முன்னே வரவில்லை, எவரும் விட்டுக்கொடுக்கவுமில்லை. நான் எழுந்து ஏதாவது சொல்ல வேண்டுமென்று நினைத்தேன். சொல்ல எனக்கு என்ன அதிகாரம் என்று தயங்கினேன்.

அப்போது வேனின் பின்வரிசையில் வந்திருந்த பிள்ளைகள், முந்தைய நாளுக்கு முந்தைய நாள் பத்தாம் வகுப்பின் கடைசித் தேர்வை எழுதியவர்கள், யாரும் சொல்லாமலே முன்னே வந்தார்கள். இரண்டு மாலைகளையும் பெரியவர்களின் கையிலிருந்து வாங்கினார்கள். ஒன்றாகவே வைத்தார்கள்.

காசியம்மாள் அங்கேயே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார்.

காரியம் முடிந்த அன்று வெள்ளையன் என்னைத் தனியே அழைத்தார். "வக்கீல் சார், வர்ற மாசம் வாய்தா இருக்குதே. சாரு இல்லன்னா கேஸ் தள்ளுபடிதானா?"

அவர் கேட்டது வழக்கைப் பற்றி மட்டுமல்ல என்பது எனக்குப் புரிந்தது. மாலை வைத்த அந்தப் பிள்ளைகள் எந்தப் பிரிவில் சேர்வது என்பதை ஜூன் மாதத்துக்குள் தீர்மானித்தாக வேண்டும். அந்த இடத்துக்கு வேறு ஆசிரியர் எப்போது வருவார் என்பது எனக்குத் தெரியாது. தெரியாததை நான் உறுதியாகச் சொல்வதில்லை. எனக்குத் தெரிந்த சட்டத்தை மட்டும் சொன்னேன். நீதிபதி இறந்தால் வழக்கு இறப்பதில்லை. குறித்த தேதியில், அந்த இருக்கையில் யார் பொறுப்பு வகிக்கிறாரோ அவர் முன்னிலையில், விட்ட இடத்திலிருந்து தொடரும்.

"அப்ப ரெண்டு ஊருக்கும் சொல்லிடட்டுமா? பொங்கலுக்கு அரிசி போடணும்."

"சொல்லிவிடுங்கள்" என்றேன்.

புறப்படும்போது சரஸ்வதி உள்ளே போய் அந்த மழைக்கோட்டை எடுத்துவந்து என் கையில் வைத்தார். "இத வூட்ல வச்சுனு நான் இன்னா பண்ணப் போறேன் அண்ணா" என்று மட்டும் சொன்னார். தோள்பட்டையின் மடிப்பில் இன்னும் கொஞ்சம் சாமை மாவு ஒட்டியிருந்தது. எந்தக் கோடையின் மாவு என்று தெரியவில்லை.

தணிகாசலத்திடமிருந்து என்னிடம் இருப்பவை அவருடைய இரண்டு கேள்விகளும் இந்த மழைக்கோட்டும். கேள்விகளை நீதிமன்றத்தில் தினமும் பயன்படுத்துகிறேன்; அவர் பெயரைச் சொல்வதில்லை. கோட்டைப் பற்றி ஒரு விளக்கம் தர வேண்டியிருக்கிறது. வழக்கறிஞர் உடையை நீதிமன்றத்துக்கு வெளியே அணியலாகாது என்று அன்று நான் அவரிடம் சொன்னது சரியே. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மழைக்கோட்டு பற்றி விதிகளில் எதுவும் சொல்லப்படவில்லை என்பதை மீண்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டேன். மே மாதம் நடுகல் மேட்டில், எவ்வளவு வெயிலடித்தாலும், அதை அணிந்திருப்பேன்.